வாய் திறக்கக் கூடாத பதினெட்டு நிமிடம்

மணவாளன் எட்வர்ட்டுக்குத் தர வேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். ஒயரிங் வேலைக்குப் பேசின கூலி முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. அதில் பதினைந்தாயிரம் முன்பணமாக வந்தது. மிச்சம் ஆவணிக் கடைசியில் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆவணி போய், புரட்டாசி போய், தீபாவளி வெடிக் குப்பையைக் கூட்டி அள்ளி, கார்த்திகை மழையும் பிடித்துக்கொண்டது. பணம் மட்டும் வரவில்லை.

வேலை சும்மா நடக்கவில்லை. ஒயர் எல்லாம் எட்வர்ட் தன் பேரில் மீஞ்சூர் குணா கடையில் கடனுக்கு எடுத்தது. ஐப்பசி பிறந்ததும் குணா, எட்வர்ட்டின் சுவர் துளைக்கிற டிரில்லிங் மெஷினை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

“உம்மேல எனக்கு இன்னாண்ணே கோவம்? இந்த மெஷினு மேலதான் ஆசை. டப்பு குட்த்துட்டு இத்த தூக்கினு போ” என்றான் சிரித்துக்கொண்டே.

மெஷின் இல்லாதவனை எவன் ஒயரிங் வேலைக்குக் கூப்பிடுவான்? கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஒப்பந்தக் கூலியாகக் கம்பிக்கட்டு சுமக்கிற வேலை இருந்தது. அது அரிசிக்கும் பஸ்சுக்கும் சரி. நாற்பத்தாறு வயதில் தோள்பட்டை இரண்டும் எரிய, ஷிப்டு முடிந்து வருகிற எட்வர்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒயரிங்தான் மூச்சு விடுகிற இடம். அந்த இடத்தை மணவாளன் மிதித்துக்கொண்டு நின்றார்.

மணவாளன் வேம்பேட்டுக்காரர். சிப்காட்டுக்குத் தெற்கே பதினோரு ஏக்கர் நெல்வயல் வைத்திருந்தவர். அதில் மூன்று ஏக்கரைக் கிடங்கு கட்டுகிறவர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடி எழுப்பி, மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை கட்டினார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் விமலின் யோசனை அது. “நைனா, கல்யாணத்துக்கு முன்னாடி ஊட்லயே ஒரு தியேட்டர் போட்டுர்லாம்” என்று அவன் சொன்னதும் இவருக்கு மீசை துடித்துவிட்டது.

எட்வர்ட்டும் வேம்பேடுதான், காலனிப் பக்கம். அவன் அப்பன் சின்னராசு மணவாளன் வீட்டு நிலத்தில் உழைத்தே தேய்ந்தவர். கண்ட இடத்தில் துண்டை இறக்கி “ஆண்டே” என்று கூப்பிட்டவர். எட்வர்ட் அந்தச் சொல்லை நாக்கில் எடுத்ததில்லை. “சார்” என்பான். அந்த ‘சார்’ மணவாளனுக்கு ஒவ்வொரு முறையும் செருப்பில் ஏறின முள்ளாகக் குத்தியது. குத்துகிறது என்று எட்வர்ட்டுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

அந்தத் தியேட்டருக்குப் பெட்டி வாங்க இருவரும் சென்னைக்குப் போன அன்றே சண்டைக்கு வித்து விழுந்தது. கண்ணாடிக் கதவு போட்ட கடை. டை கட்டின பையன் ஒருவன் பொறுமையாக விளக்கினான்.

“இது ஆம்ப்ளிஃபயர் இல்ல சார், ப்ராசஸர். படத்துல இருக்கிற சத்தத்தைப் பிரிச்சு, எந்த ஸ்பீக்கர்ல எது வரணும், எவ்வளவு வரணும்னு முடிவு பண்றது இதுதான். ஆம்ப்ளிஃபயர் உடம்பு மாதிரி. இது மூளை.”

இரண்டு மூளை இருந்தன. ஒன்று நாலரை லட்சம். பழுது பார்க்கிற இடம் சென்னையிலேயே இருந்தது. இன்னொன்று ஏழு லட்சத்து இருபதாயிரம். கெட்டால் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். எட்வர்ட் வாய் வைத்திருக்கக் கூடாது. வைத்தான்.

“எவ்ளோ சூடாவும் சார் இது? எங்க ஊர்ல கரண்டு ஏறி எறங்கும், தாங்குமா? கெட்டா எத்தினி நாள் ஆவும்?”

பையன் அவனுக்குப் பதில் சொல்லத் திரும்பினான். மணவாளன் குறுக்கே புகுந்து இரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நெல் மூட்டையைத் தராசில் போடாமலே எடை சொல்கிற கை அது.

“இது ஒம்போது கிலோ. இது பதிமூணு. எதுல கனம் கீதோ அதுலதான் சரக்கு கீது. இத்தயே கட்டு.”

“சார், வெல கம்மியா கீறதே நம்ம ரூமுக்குப் போதும். சர்வீசும் இங்கயே...”

“உன்ன ஒயரு இழுக்கக் கூட்டியாந்தேன். வாங்கறதுக்குக் கூட்டியாரல” என்றார் மணவாளன், அந்தப் பையன் முன்னாலேயே. பையன் தரையைப் பார்த்தான். பதிமூன்று கிலோவை எட்வர்ட்தான் வண்டி வரை சுமந்து வந்தான்.

வேலையில் மட்டும் அவன் யாருக்கும் சளைத்தவனில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கேபிள் இழுக்கப் போன காலத்தில்தான் அவன் எழுத்தே கற்றான். வயது அப்போது முப்பத்திரண்டு. கேபிளின் இரண்டு முனையிலும் எண் எழுதிய சீட்டுக் கட்ட வேண்டும். எழுதத் தெரியாதவனுக்குச் சுமக்கிற வேலை. தெரிந்தவனுக்குக் கட்டுகிற வேலை. கூலியில் எண்பது ரூபாய் வித்தியாசம். அந்த எண்பது ரூபாய்தான் அவனுக்கு வாத்தியார். அன்றிலிருந்து எந்த வீட்டில் எந்த ஒயர் இழுத்தாலும் இந்த முனையில் ஒரு சீட்டு, அந்த முனையில் ஒரு சீட்டு, தன் கோணல் எழுத்தில். மணவாளன் வீட்டில் சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், கூரையில் நான்கு, தரையில் இரண்டு பெரிய பாஸ் பெட்டி. பதிமூன்று ஒயர், இருபத்தாறு சீட்டு.

முடிந்த அன்று பராமரிப்பையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் காற்றிலேயே இரும்பு பறக்கும். மொட்டை மாடியில் காந்தத்தை வைத்தால் சாயங்காலத்துக்குள் அதற்கு மீசை முளைக்கும்.

“பெட்டிக்கு மேல ஒரு சாண் எடம் சும்மா இருக்கணும் சார். அது மூச்சு உட்ற எடம். வாரத்துக்கு ஒருக்கா காஞ்ச பிரஷ்ல தூசி தட்டணும். ஈரத்துணி ஆவாது. சுச்சு யூபிஎஸ் வழியாத்தான் போடணும்.”

மணவாளன் கேட்டுக்கொண்டே பெட்டியின் மேல் சிவப்பு வெல்வெட் துணி ஒன்றைப் போர்த்தினார். எட்வர்ட் எடுத்தான். அவர் மறுபடி போர்த்தினார். மூன்றாம் முறை எடுத்து மடித்து அவர் மனைவி தமிழ்செல்வி கையில் கொடுத்தான். தமிழ்செல்வி அதைக் கொண்டுபோய்த் தலையணைக்கு உறை தைத்துவிட்டார்.

கடைசியாக ஒரு மைக் இருந்தது. கொட்டைப்பாக்கு அளவு, உச்சியில் குண்டூசி போகிற ஓட்டை. அறையை அளப்பது அதன் வேலை. நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்தால், பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தத்தை விடும். அது எப்படி வந்து சேருகிறது என்று மைக் வழியாகக் கேட்கும். குறைகிற சத்தத்தைக் கூட்டும், கூடுகிறதைக் குறைக்கும். விமல் சிங்கப்பூரிலிருந்து நெட் வழியாகவே பெட்டியை இயக்கி அளந்தான். அன்று அந்த அறையில் மழைக் காட்சி ஒன்று ஓடியபோது தமிழ்செல்வி கொடியில் காயும் துணியை எடுக்க எழுந்து ஓடினார். அப்படி இருந்தது சத்தம்.

“பாக்கி, சார்?” என்றான் எட்வர்ட்.

“எங்க ஓடிப்போறேன்? நாளு கெழம பாத்துக் குடுக்கிறேன்.”

ஆயுத பூஜை வந்து போயிற்று. தீபாவளிக்குப் புது சோபா வந்தது. இருக்கை மாறினால் மறுபடி அளக்க வேண்டும் என்று விமல் சொல்ல, மணவாளனே மைக்கை எடுத்து வைக்க, அப்பனும் மகனுமாக அளந்தார்கள். அன்று பிடித்தது சனி. நல்லாயிருந்த சத்தம் தகரத்தை ஆணியால் கீறுவது போல ஆகிவிட்டது.

பழி எங்கே போகும்? கீழேதானே போகும். பஸ் நிறுத்தத்து டீக்கடையில், எட்வர்ட் கிளாசும் கையுமாக நிற்கும்போதே, மணவாளன் நாலு பேர் கேட்கச் சொன்னார்:

“ஏழு லட்சத்துப் பெட்டிய ஒரு காலனிக்காரன் கையில குட்த்தேன் பாரு, என்னத்தான் செருப்பால அடிக்கணும்.”

“ஒயரு மேல தப்பு இருந்தா காட்டுங்க சார். இல்லன்னா பாக்கியக் குடுங்க.”

“பாக்கியா? நீதான்டா எனக்குத் தரணும் ஏழு லட்சம்! இவன் அப்பன் எங்கூட்டு வாசல்ல நின்னான், வாயத் தொறந்திருப்பானா? இது இன்னாடான்னா பாக்கி கேக்குது, பாக்கி!”

எட்வர்ட் மிச்ச டீயை மண்ணில் ஊற்றினான். அதற்குப் பிறகு வேம்பேட்டில் ஒருத்தரும் அவனை ஒயரிங்குக்குக் கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு. இரவு ஷிப்டு முடித்து வந்து, குளித்து, கஞ்சி குடித்து, பாயில் சாய்ந்தவனை பகல் ஒரு மணிக்குப் போன் எழுப்பியது. தமிழ்செல்வி.

“நாலு மணிக்கு ஆர்.கே.பேட்டையிலருந்து சம்பந்தி வராரு எட்வர்ட்டு. விமலுக்குப் பேசிகினு கீறோமே, அந்தப் பொண்ணோட அப்பா. ரைஸ் மில்லு வெச்சிகினு கீறாரு. தியேட்டர்ல ஒக்காந்து படம் பாக்கணும்னு ஆசயா சொல்லி அனுப்பிச்சாரு. நீ வந்து இன்னான்னு பாத்துக் குடு.”

“பாக்கியம்மா?”

“வாயேன், வந்து பேசு.”

எட்வர்ட் சட்டையை மாட்டினான். டெஸ்டரும் ஸ்குரு டிரைவரும் எடுத்துக்கொண்டான். தூக்கம் கண்ணுக்குள் மணலாக உறுத்தியது.

மாடியில் புது சோபாவின் நடுவில் மணவாளன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டாரு இஞ்சினீரு” என்றார். உட்காரச் சொல்லவில்லை. “கேளு, உன் வேலையோட லட்சணத்த.”

அதே மழைக் காட்சியைப் போட்டார். மழை பெய்யவில்லை, கூரையிலிருந்து ஆணி கொட்டியது. அதில் பேசின பொம்பளையின் ஒவ்வொரு எழுத்தும் ஊசியாகக் குத்தியது. இரண்டு நிமிடத்தில் எட்வர்ட்டுக்குப் பல் கூசியது.

பெட்டி நிற்கும் ரேக்கின் பின்னால் மண்டிபோட்டு நுழைந்து, டார்ச் அடித்து, பதிமூன்று சீட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு ஸ்பீக்கர் பக்கம் போய் அங்கிருந்த பதிமூன்றையும் படித்தான். ஒன்று கூட மாறவில்லை. ஒன்று கூட தளரவில்லை.

“ஒயரு கெட்டா சத்தமே வராது சார். இல்லன்னா கரகரன்னு வரும். இங்க எல்லா ஸ்பீக்கரும் ஒரே மாதிரி கிறீச்சிடுது. பதிமூணு ஒயரும் பேசி வெச்சிகினு ஒரே நாள்ல கெட்டுப்போவுமா?”

“அப்ப பெட்டி கெட்டுதுன்றியா? ஏழு லட்சம்டா!”

“விமலுக்குப் போனப் போடுங்க.”

விமல் லைனில் வந்தான். லேப்டாப்பில் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னான்: “எட்வர்ட்டண்ணே, தீபாவளிக்கு அளந்ததுல மெஷினு கீச்சுச் சத்தத்த, அந்த ட்ரெபிள, எல்லா ஸ்பீக்கர்லயும் ஏத்தி வெச்சிகினு கீது. ரூமே அந்த சத்தத்த முழுங்கிடுதுன்னு அது நெனைக்குது. ஏன்னு தெர்ல.”

“மைக்க எடுங்க” என்றான் எட்வர்ட்.

மணவாளன் மேசை இழுப்பிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தார். தெய்வத்தை எடுப்பது போல இரண்டு கையாலும் எடுத்தார். மூடியைத் திறந்ததும் எட்வர்ட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மைக்கின் உச்சியில், அந்தக் குண்டூசி ஓட்டையின் மேலேயே, சந்தனம். காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமத்தோடு. அப்போதுதான் அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம். ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. ப்ராசஸருக்குப் பெரிதாக ஒன்று. ரிமோட்டுக்குக் கூட. ஆயுத பூஜைக்குக் கீழே டிராக்டருக்கும் பம்பு செட்டுக்கும் வைத்துவிட்டு, அதே கிண்ணத்தோடு மாடிக்கு வந்து, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று டப்பாவைத் திறந்து மைக்குக்கும் வைத்திருக்கிறார் மனிதர்.

சிரித்திருக்கக் கூடாது. தூக்கம் கெட்ட உடம்பு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“இன்னாடா சிரிப்பு?”

“சார், இது மெஷினோட காது. காதுல சந்தனத்த அப்பி வெச்சிருக்கீங்க. அதுக்குக் கீச்சுச் சத்தம் கேக்கவே இல்ல. கேக்கலன்னு அது ஏத்திகினே போச்சி. ஒயரும் நல்லா கீது, பெட்டியும் நல்லா கீது. இத்த எடுத்துட்டு மறுபடி அளந்தா முடிஞ்சுது.”

மணவாளனின் முகம் கறுத்தது. போனில் விமல் “ஐயோ நைனா...” என்றது கேட்டது. அவர் போனை அணைத்துவிட்டார்.

“எங்கூட்டுப் பூஜையா தப்பு? என் கையால வெச்சது தப்பா? வேதக்காரன் நீ, உனக்கு இன்னாடா தெரியும் இத்தப் பத்தி?”

“பூஜ தப்புன்னு நான் சொல்லல சார். வெச்ச எடம் தப்பு.”

எட்வர்ட் டப்பாவை நோக்கிக் கையை நீட்டினான்.

“தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்! சாமிக்கு வெச்ச பொட்டு அது. நீ தொடைக்கிறியா? நீ?”

எட்வர்ட் கையை இழுத்துக்கொண்டான். அவன் சிரிப்பு செத்துவிட்டது.

“சரி. நான் தொடல. நீங்களே எடுங்க.”

மணவாளன் அசையவில்லை. அவர் எடுத்தால் மூன்று வாரமாக டீக்கடையில் பேசினதை எல்லாம் தன் கையாலேயே அழிப்பது போல ஆகும். எடுக்காவிட்டால் சம்பந்தி முன்னால் ஆணி கொட்டும். இரண்டும் அவர் முகத்தில் மாறி மாறி ஏறி இறங்கின.

“அப்படியே வெச்சிகினு இருங்க. உங்க சாமி, உங்க காது” என்று ஸ்குரு டிரைவரைப் பையில் சொருகிக்கொண்டு எட்வர்ட் படி இறங்கினான். காம்பவுண்டு கேட்டைத் தொட்டபோது மேலிருந்து தமிழ்செல்வியின் குரல் வந்தது. அவனுக்கு “நில்லு எட்வர்ட்டு!” ஒன்றுதான். மிச்சமெல்லாம் புருஷனுக்கு.

“மணி ரெண்டே கால் ஆவுது. அந்தாளு வந்து காதப் பொத்திகினு ஒக்காந்தா நாளைக்கு ஆர்.கே.பேட்டையே சிரிக்கும். புள்ளைக்கு முப்பத்தி மூணு வயசு ஆச்சி. உன் மீசைய நீயே வெச்சிக்கோ, எனக்கு மருமவ வேணும். எடுயா அத்த!”

எட்வர்ட் மறுபடி மேலே வந்தான். வாசற்படியிலேயே நின்றான்.

“மொதல்ல பாக்கிப் பணத்த எடுத்து வைங்க சார். நான் எடுத்துக்கல. கண்ணுல படறாப்பல வைங்க.”

மணவாளன் பீரோவைத் திறந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டைக் கொண்டுவந்து ரிமோட்டுக்கு அடியில் வைத்தார். வைத்தார் என்றா சொல்வது, அறைந்தார்.

“சத்தம் சரியாச்சின்னாத்தான் உனுது.”

“சரி. ஒரு புது பல்லு வெளக்குற பிரஷ் எடுத்தாங்கம்மா. மெத்துனு இருக்கணும்.”

பிரஷ் வந்தது. மணவாளன் ஒரு கையில் மைக், ஒரு கையில் பிரஷ் என்று நின்றார்.

“தலகீழாப் புடிங்க சார். ஓட்ட கீழ பாக்கணும்.”

பிடித்தார்.

“அழுத்தாதீங்க. அழுத்தினா உள்ள போய்ரும். மேலாப்ல தேயுங்க.”

தேய்த்தார். சந்தனம் மாவாக உதிர்ந்தது. தமிழ்செல்வி அதைக் கீழே விடாமல் வெற்றிலையில் ஏந்திக்கொண்டார். மணவாளன் உதட்டைக் குவித்தார்.

“ஊதாதீங்க! எச்சி பட்டா மைக்கு போச்சி. பம்பாய்க்குத்தான் அனுப்பணும்.”

குவித்த உதடு அப்படியே நின்றது. அறுபது வயதில் அந்த வீட்டில் அவருக்கு இப்படி ஒருத்தர் சொல்லிக்கொடுத்ததில்லை. கழுத்து நரம்பு புடைக்க, சொன்னபடி செய்தார். ஓட்டை தெரிந்தது.

எட்வர்ட் கதவின் நான்கு விளிம்பையும் துணி வைத்து அடைத்தான். ஏசியை நிறுத்தினான். யூபிஎஸ்சின் விசிறிச் சத்தம் மைக்குக்குப் போகாமல் தலையணை ஒன்றை முட்டுக்கொடுத்தான், அதே சிவப்பு வெல்வெட் உறை போட்ட தலையணை. விமலை மறுபடி கூப்பிட்டுத் தயாராகச் சொன்னான்.

“எட்டு எடத்துல வெச்சி அளக்கணும். பதினெட்டு நிமிசம். ஒரு பேச்சு பேசக் கூடாது. இருமக் கூடாது. பேசினா மொதல்லருந்து வரணும். நீங்க வெளிய போய் ஒக்காருங்க சார்.”

“உன்னத் தனியா உட்டுட்டா? இத்த என்ன பண்ணுவியோ. நான் இங்கதான் இருப்பேன்.”

“அப்ப வாயத் தொறக்காதீங்க.”

பெட்டி சத்தம் விடத் தொடங்கியது. ‘ஊ...ய்ங்’ என்று அடித்தொண்டையிலிருந்து உச்சி வரை ஏறி நிற்கும். அடுத்த ஸ்பீக்கர். மறுபடி ஊய்ங். முதல் இடம் முடிந்தது. எட்வர்ட் பூனை நடையில் போய் மைக்கை அடுத்த இடத்துக்கு மாற்றினான். இரண்டாம் இடம். மூன்றாம் இடம்.

ஏசி இல்லாத அடைத்த அறையில் இரண்டு பேருக்கும் வியர்வை ஊற்றியது. மணவாளன் சோபாவில், எட்வர்ட் தரையில். எதிர் எதிரே. மணவாளனுக்குப் பேச வாய் அரித்தது. கண்ணாலேயே திட்டினார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டிப் பல்லைக் கடித்தார். எட்வர்ட் உதட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டினான். அது அவருக்கு இன்னும் ஏறியது.

நான்காம் இடத்தில், வெல்வெட் தலையணையைப் பார்த்த மணவாளன், “என் துணியா அது? தூ, சனியன்” என்று முணுமுணுத்துவிட்டார்.

ஊய்ங் பாதியில் நின்றது. திரையில் சிவப்பில் ஏதோ எழுத்து வந்தது. போனில் விமல் கத்தினான்: “நைனா! யாரு பேசினது? மொதல்லருந்து போடணும்!”

எட்வர்ட் மைக்கைத் திரும்ப எடுத்து முதல் இடத்தில் வைத்தான். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

இரண்டாம் தடவை மணவாளன் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். பதினெட்டு நிமிடம். எட்வர்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் என்று ஒரு சொட்டும் தோன்றவில்லை. தன் அப்பன் இந்த வீட்டு வாசலில் வாய் திறக்காமல் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் எத்தனை பதினெட்டு வரும் என்று ஒரு கணக்கு மட்டும் மனதில் ஓடியது. பாதியில் விட்டுவிட்டான். தூக்கத்தில் தலை சாயப் பார்த்தது. சாய்ந்து முட்டினால் அதுவும் சத்தம்தான். தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்தான்.

எட்டாம் இடம் முடிந்தது. விமல், “ஆச்சு, சேவ் பண்ட்டேன்” என்றான்.

மணவாளன் வாயிலிருந்து துண்டை எடுத்தார். மழைக் காட்சியைப் போட்டார்.

மழை பெய்தது. முதலில் தூரத்தில், பிறகு கூரை மேல், பிறகு பின்னால் ஏதோ இலையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக. அதில் பேசின பொம்பளை இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினாள். மணவாளனின் முகம் குழந்தை முகம் போலத் தளர்ந்தது, ஒரு அரை நிமிடத்துக்கு. எட்வர்ட் பார்க்கிறான் என்று தெரிந்ததும் மறுபடி இறுகிவிட்டது.

“ம். பரவால்ல” என்றார்.

ரிமோட்டைத் தூக்கிக் கட்டை எடுத்து எண்ணினார். நாற்பத்தாறு தாள். நீட்டினார். எட்வர்ட்டும் எண்ணினான்.

“இருபத்தி மூணாயிரந்தான் கீது சார். அறநூத்தி அம்பது?”

“சில்லறைக்கெல்லாம் இன்னாடா கணக்கு? உடு. அவங்க வர நேரம். பின்பக்கமா எறங்கிப் போ.”

எட்வர்ட் பணத்தை உள் பையில் வைத்து ஊக்குக் குத்தினான். பிறகு நிதானமாகப் போய்ப் புது சோபாவில் உட்கார்ந்தான். எண்ணெய் அழுக்குப் பேண்டோடு, நடுவில், நன்றாகச் சாய்ந்து.

“எழுந்திருடா!”

“அறநூத்தி அம்பது சார்.”

சொன்ன நேரத்துக்கு முன்பே கீழே கார் ஹாரன் அடித்தது. தமிழ்செல்வி “வாங்க வாங்க” என்பது கேட்டது. மணவாளன் சட்டைப் பையைத் துழாவினார். ஐந்நூறு ஒன்று, நூறு ஒன்று. அவ்வளவுதான் இருந்தது. சோபாவில் எறிந்தார்.

“போய்த் தொல!”

“இன்னும் அம்பது.”

“அம்பது ரூபா இல்லடா எங்கிட்ட! உன் காலுல உழணுமா இப்ப?”

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து வாசலில் நின்றது. ரைஸ் மில் அப்பாவு. வெள்ளை வேட்டி, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சோபாவில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

“யாரு சம்பந்தி இவுரு?”

“நம்ம ஆளுதான். வேல செய்ய வந்தவன்” என்றார் மணவாளன் அவசரமாக.

எட்வர்ட் அறுநூறையும் பொறுக்கிக்கொண்டு எழுந்தான். “நான் யாரோட ஆளும் இல்லீங்க. ஒயர்மேன். இந்த ரூமு ஒயரெல்லாம் நான் இழுத்தது. கூலி பாக்கி கீது. சார் எனக்கு அம்பது ரூபா தரணும்.”

“அம்பது ரூபாயா!” அப்பாவு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “ஏழு லட்சத்துல பெட்டி வாங்கினதா தரகரு சொன்னாரு. அம்பது ரூபாய்க்கா சம்பந்தி ஒரு மனுசன நிக்க வெச்சிகினு கீறீங்க? இந்தாப்பா.”

“நீங்க குடுக்கக் கூடாது, ஐயோ, வேணாம் சம்பந்தி...” மணவாளன் குறுக்கே பாய்ந்தார். தாலி ஏறுவதற்கு முன்னால், தன் வீட்டுக் கடனைப் பெண் வீட்டார் பையிலிருந்து அடைப்பதா?

எட்வர்ட் அவருக்கு முந்திவிட்டான். அந்த ஐம்பது ரூபாய்த் தாளை இரண்டு கையாலும் வாங்கி, அறுநூறோடு சேர்த்து மடித்தான்.

“கணக்கு தீந்துது சார்” என்று மணவாளனிடம் சொல்லிவிட்டு, முன்பக்கப் படியாலேயே இறங்கிப் போனான். இருபத்து மூவாயிரத்து அறுநூற்று ஐம்பதும் அவன் பையில் இருந்தது. மாடியில் அப்பாவு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மணவாளன் அவருக்கு ஐம்பது ரூபாய் கடன்பட்டிருந்தார்.